யார் பேரில் பற்று எழுதுவது?

"அந்தக் காலத்துல சேதுவுல நடந்தே போனாங்கன்னு சொல்றோம்ல. இப்ப அங்க தண்ணி நிக்குது. அப்ப கடல் ஏறுனதுக்கு எவன் மருமகனே காரு ஓட்டுனான், எவன் கரண்டு கம்பெனி வச்சிருந்தான்?"

டீக்கடையில் எல்லார் முன்னாலும் தாய்மாமா கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் வரவில்லை. வாயில் வடை இருந்ததால் சிரித்து வைத்தேன். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், ஆனால் மாமா பக்கம் சேர்ந்துகொண்டு. பதிலெல்லாம் ராத்திரி படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் மாமாவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், பாக் விரிகுடா ஓரம் எங்கள் ஊர், நாங்கள் அதை வடகடல் என்போம். அஞ்சாறு வருஷமாகக் கரை அரிக்கிறது. வள்ளம் ஏற்றி வைக்கும் இடம் போனது, அடுத்து நாலு தென்னை போனது, இப்போது மாமா வீட்டுக் கிணற்றை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் முன்பு சோறு வடிக்க ஆகும், இப்போது பாத்திரம் கழுவத்தான். மனு கொடுத்தோம். ஒருநாள் ஒரு அலுவலர் வந்து பார்த்தார், செருப்பைக் கழற்றாமல் மணலில் பத்தடி நடந்தார், "இதெல்லாம் கிளைமேட் சேஞ்சுங்க, உலகம் பூரா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார். அன்றிலிருந்து மாமாவுக்குப் பருவநிலை மாற்றம் என்றாலே அந்த ஜீப்தான் ஞாபகம். அதைப் பற்றிப் பேசுகிறவன் எல்லாம் கைகழுவ வந்தவன்.

நான் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எத்தனை கூடை, எவ்வளவு ஐஸ், யாருக்கு முன்பணம், யார் பேரில் பற்று, இதிலேயே பதினேழு வருஷம் ஓடிவிட்டது. எதைப் பார்த்தாலும் இது யார் பேரில் ஏறவேண்டிய தொகை என்றுதான் புத்தி போகும். இந்தப் பருவநிலைச் சண்டையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. தொகையில் தகராறு கம்மி. பேரில்தான் தகராறு.

சரி, மாமா கேள்விக்கு வருவோம். அவர் சொன்னது உண்மை, அதுதான் சங்கடம். சுமார் 20,000 வருஷம் முன்பு, பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் இப்போது இருப்பதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. நம் வடகடல் பெரும்பாலான இடத்தில் ஏழெட்டுப் பாகம் ஆழம்கூடத் தாண்டாது, ஒரு பாகம் என்றால் ஆறடி. அப்படியானால் தொண்டிக்குக் கிழக்கே, தலைமன்னார் வரைக்கும், எல்லாமே தரை. சேது மட்டுமா, இன்று நாங்கள் வலை போடும் இடம் முழுக்க யாராவது நடந்திருப்பார்கள். அதன்பிறகு வடக்கே இருந்த பனி உருகி, ஆயிரக்கணக்கான வருஷமாகக் கடல் ஏறிக்கொண்டே வந்து, ஏழாயிரம் வருஷம் போல முன்பு ஒரு மாதிரி அடங்கியது. இதில் மனுஷன் கை கிடையாது. எழுதவேண்டிய பேர் பூமியும் சூரியனும்தான். பூமி சூரியனைச் சுற்றும் வட்டம் லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நீளும், சுருங்கும். சாய்மானம் 41,000 வருஷத்தில் ஒருமுறை கூடிக் குறையும். வேகம் குறையும் பம்பரம் மாதிரி தலையாட்டவும் செய்யும், அது இருபதாயிரத்துச் சொச்சம் வருஷக் கணக்கு. இதையெல்லாம் கையால் கணக்குப் போட்டவர் செர்பியாக்காரர் மிலுடின் மிலன்கோவிச். முதல் உலகப்போரில் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள், அந்த நாட்களிலும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்கு அந்த மனுஷன் மேல் தனி மரியாதை உண்டு.

இயற்கையின் பற்றில் இன்னும் இருக்கிறது. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்துக் கிளப்பிய புகைத்தூசி உலகத்தையே ஒன்றிரண்டு வருஷம் அரை டிகிரி போலக் குளிர வைத்தது. பசிபிக் கடல் சில வருஷத்துக்கு ஒருமுறை சூடாகும், அதை எல் நினோ என்பார்கள், அது வந்தால் உலகச் சூடு ஏறும், போனால் இறங்கும். சூரியனுக்கே 11 வருஷ ஏற்ற இறக்கம் உண்டு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன புயலைக் காரோட்டினவன் பேரில் எழுத முடியாது. மாமாவுக்கு அப்போது ஏழு வயசு, ரயில் போன கதையைச் சொல்லும்போது இப்போதும் குரல் மாறும். 2004 சுனாமியைக்கூடச் சிலர் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். அது கடலடியில் வந்த நிலநடுக்கம், அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அப்படியானால் இப்போது ஏறும் சூட்டையும் அதே பேரில் எழுதிவிடலாமே? எழுதலாம், ஐந்தொகை நேராகாது.

சூரியனை 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள் வைத்து அளக்கிறார்கள். அது கூடவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் வானத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து சூடாகவேண்டும். மேல் அடுக்கு குளிர்கிறது, கீழே மட்டும் சூடு. மேலே போகவேண்டிய வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைக்கும் போர்வை இருந்தால்தான் அப்படி ஆகும். மிலன்கோவிச் கணக்கைக் கேட்டால், பூமி இப்போது மெல்லக் குளிரும் பக்கம் போகவேண்டும் என்கிறது. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி வேறு. நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரிமூட்டம் தெரியும், முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனால் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசிக் கொளுத்திப் புகையவிட்டிருப்பார்கள். அந்தக் கரியும் கரிதான், சுரங்கத்து நிலக்கரியும் கரிதான், எரித்தால் ஒரே வாயு. ஆனால் கருவேலம் நேற்று வரை காற்றைக் குடித்த மரம், அதில் கார்பன்-14 என்று ஒரு வகை கொஞ்சம் கலந்திருக்கும். 5,730 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது சுத்தமாகத் தீர்ந்து போயிருக்கும். இப்போது காற்றை எடுத்துச் சோதித்தால், அந்தப் பழைய கார்பன் கலந்து கலந்து கார்பன்-14 நீர்த்துப் போயிருப்பது தெரிகிறது. ஹான்ஸ் சூஸ் என்கிறவர் 1950களிலேயே மர வளையத்தில் இதைப் பார்த்துச் சொல்லிவிட்டார். திருட்டு மாலில் பழைய முதலாளியின் முத்திரை இருப்பதுபோல. காற்றில் கூடியிருப்பது எந்த வீட்டுச் சரக்கு என்று கேள்வியே இல்லை.

எவ்வளவு கூடியது? இருநூற்றைம்பது வருஷம் முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயில் மௌனா லோவா மலை மேல் அளக்க ஆரம்பித்தபோது 315 போல. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பனிக்காலம் முடிந்தபோதும் இது 180-லிருந்து 280-க்கு ஏறியதுதான், ஆனால் அந்த நூறு ஏறப் பல ஆயிரம் வருஷம் ஆனது. நாம் அதைவிட அதிகத்தைப் பாட்டன், அப்பன், மகன் என்று ஏழெட்டுத் தலைமுறையில் ஏற்றிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்தை மட்டும் எடுத்தால் பனிக்கால முடிவில் ஏறிய வேகம் இன்றைய வேகத்தைவிட அதிகம். மாமா இதைக் கேட்டால் குதிப்பார். ஆனால் அன்று கரையில் இருந்தவனுக்குப் பட்டா இல்லை, கூட்டுறவு சொசைட்டிக் கடன் இல்லை, ரேஷன் கார்டில் விலாசம் இல்லை. தண்ணீர் வந்தால் நாலு பானையைத் தூக்கிக்கொண்டு மேடேறியிருப்பான். எங்கள் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? இருக்கிற மேட்டில் யாரோ இறால் பண்ணைக்கு வேலி போட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் இல்லை, அதற்கு முந்தின வருஷம், 2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று எங்கள் கம்பெனி ஐஸ் பெட்டிகள் தெருவில் மிதந்தன, ஒன்றைப் பிடிக்கப் போய் நான் சாக்கடையில் இடுப்பளவு இறங்கினேன். இந்த மழையை யார் பேரில் எழுத? மழை வாடைக் காலத்து மழை, அது இயற்கை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக ஈரம் தாங்கும், அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வந்தது ஊரார் பேரில், அடைத்தது நாம்தானே. ஒரே பில்லில் மூன்று பேர். இதைத்தான் யாரும் பிரித்து எழுத மாட்டேன் என்கிறார்கள்.

மத்தி மீன் விஷயமும் அப்படித்தான். நாங்கள் பேய்ச்சாளை என்போம். அது மலையாளக் கரை மீன், நம் பக்கம் முன்பெல்லாம் பெரிதாகப் பட்டதில்லை. 1990க்குப் பிறகு இங்கே நன்றாகப் பட ஆரம்பித்தது. கடல் சூடாவதை ஒரு காரணமாக ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கேரளாவில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பட்டது, அப்புறம் எல் நினோவும் குஞ்சோடு அள்ளியதும் சேர்ந்து படுத்துவிட்டது. இப்போது நான் ஐஸ் போட்டு லாரியில் ஏற்றி "கேரளா லோடு" என்று எழுதுவதில் மத்திதான் பாதி. அவர்கள் கரையில் குறைந்துபோன மீனை அவர்களுக்கே விற்கிறோம். நல்ல லாபம், மறைப்பானேன்.

இனி நம் பேரில் எழுதவேண்டியது. மாமாவின் பழைய வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மூலையில் காரை பெயர்ந்திருக்கும். சின்ன வயதில் அங்கே உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டே இருப்பேன். கல் முழுக்கக் குட்டிக் குட்டி நட்சத்திரக் குழி, ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய தட்டுகள் நடுவைப் பார்த்து நிற்கும், விரல் நுனியில் அரம் மாதிரி உரசும். அது முருகைக்கல். கடலுக்குள் உயிரோடு இருந்த பவளப்பாறை. தென்கடல் என்கிற மன்னார் வளைகுடாத் தீவு ஓரம் கடப்பாறையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வந்து, பெரியதை வீடு கட்டினார்கள், சில்லறையைக் காளவாயில் வேகவைத்துச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். எங்கள் தாத்தாவும் வெட்டியிருக்கிறார். 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆன பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், சுனாமி வந்து பயம் காட்டிய பிறகுதான் ஒரு வழியாக நின்றது. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. 21 தீவில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. இதை ஒட்டுமொத்தமாக அமெரிக்கக்காரன் கார் மேல் போட்டால் தாத்தா சிரிப்பார்.

ஆனால் வெட்டு நின்ற பிறகு 2010-லும் 2016-லும் அதே பாறைகள் வெளுத்துச் செத்தது வேறு கணக்கு. கடல் தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசியை அது வெளியே தள்ளிவிடும். நிறம் போகும். சூடு சீக்கிரம் இறங்காவிட்டால் உயிரும் போகும். அதை எந்தக் கடப்பாறையும் செய்யவில்லை.

எங்கள் ஊர்க் கரைக்கு வருவோம். கடல் மட்டம் நூற்றுச் சொச்சம் வருஷத்தில் உலகம் முழுக்க ஏறியது ஒரு சாண், 20 சென்டிமீட்டர். இப்போது வேகம் கூடி வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர் போல. ஆறு வருஷத்துக்கு ஒரு விரற்கடைதான் வருகிறது. எங்கள் கரை மாதிரி தட்டையான இடத்தில் அந்த ஒரு விரற்கடையே சில அடி உள்ளே வரும், சரி. ஆனால் நாலு தென்னையைத் தின்ன அது மட்டும் போதாது. எங்களுக்கு வடக்கே அடுத்த ஊரில் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் கொட்டினார்கள். வாடைக் காலத்தில் நீரோட்டம் மணலைத் தெற்கே தள்ளிக்கொண்டு வரும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது திருப்பிக் கொஞ்சம் தள்ளும், இப்படிப் போகிறதும் வருகிறதுமாகத்தான் கரை நின்றுகொண்டிருந்தது. கல் போட்டதும் அந்தப் பக்கம் மணல் மலையாகக் குவிந்தது, இந்தப் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. வரவு நின்று செலவு மட்டும் ஓடினால் எந்தக் கல்லா தாங்கும்? அலுவலர் சொன்ன "கிளைமேட் சேஞ்ச்" அந்தக் கல்லை மறைக்கும் துணி. மாமா கோபம் அந்தத் துணி மேல் இருக்கவேண்டியது, விஞ்ஞானத்து மேல் திரும்பிவிட்டது.

இதுதான் இன்றைய அரசியல் என்று எனக்குப் படுகிறது. முப்பது வருஷம் இல்லவே இல்லை என்றார்கள். இப்போது எல்லாமே அதுதான் என்கிறார்கள். இரண்டிலும் சொல்கிறவன் பேரில் பற்று ஏறாது.

இல்லை என்றவர்களில் பெரிய ஆள் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான். அந்தக் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலும் 80களிலும் உள்ளுக்குள் போட்ட கணக்கு பிற்பாடு வெளியே வந்தது. பின்னாளில் உலகம் கண்ட சூட்டுக்கு அது கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. வெளியில் சொன்னதோ இன்னும் நிச்சயமில்லை, பார்க்கலாம் என்று. உள்ளே ஒரு நோட்டு, வெளியே ஒரு நோட்டு. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பேர் உண்டு, எழுதவில்லை.

நாடுகள் சண்டையும் நோட்டுச் சண்டைதான். 1992 ரியோவில் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் ஒரே அளவு இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். 1997 கியோட்டோவில் பணக்கார நாடுகளுக்கு அளவு போட்டார்கள், அமெரிக்கா கையெழுத்துப் போட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. 2015 பாரிஸில் அவரவர் முடிந்ததை எழுதிக்கொடுங்கள் என்றானது, மொய் நோட்டு மாதிரி. அதிலிருந்தும் அமெரிக்கா வெளியே போய், 2021-ல் உள்ளே வந்து, 2025-ல் மறுபடி வெளியே போவதாக உத்தரவு போட்டது. இதுவரை உலகம் விட்ட புகையில் கால் பங்கு போல அவர்கள் பேரில் நிற்கிறது. நாமும் சும்மா இல்லை, இன்றைக்கு வருஷப் புகையில் இந்தியா மூன்றாமிடம். தலைக்குப் பார்த்தால் இரண்டு டன், அவர்களுக்குப் பதினாலு போல. 2070-க்குள் நிகரப் புகையைச் சுழியம் ஆக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் சொல்லியிருக்கிறோம். மாமாவுக்கு அப்போது 113 வயசு ஆகும்.

அந்த இரண்டு டன்னையும் எல்லார் தலையிலும் சமமாகப் போட முடியாது. மாமா வள்ளத்துக்கு ஒரு நடைக்குப் பத்து லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் இரண்டரை கிலோவுக்கு மேல் கரியமில வாயு என்றேன். "ஒரு லிட்டரு ஒரு கிலோகூட நிக்காது, அதுல எப்புடி ரெண்டரை?" என்று பிடித்துக்கொண்டார். நல்ல கேள்வி. எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளும், அந்த எடைதான். நம்பவில்லை. எடை போட்டுக் காட்டு என்கிறார்.

நம் மாவட்டத்திலேயே கூத்தைப் பாருங்கள். கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். உப்பூரில் 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று ஆரம்பித்து, வழக்கு போய், 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2025-ல் 20 ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி வந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் மாநில அரசு விடமாட்டோம் என்றது. ஒரு கை அணைக்கிறது, ஒரு கை பற்றவைக்கிறது, இரண்டும் வளர்ச்சி என்றுதான் சொல்கின்றன.

எங்கள் மனுவை மறுபடி எழுதினேன். உலகச் சூட்டுக்கு ஒரு பத்தி, தூண்டில் வளைவுக்கு இரண்டு பக்கம், மணலை எடுத்து இந்தப் பக்கம் போடச் சொல்லி ஒரு கோரிக்கை. கூடவே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஓதம் ஏறி நிற்கும்போது கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் கோடு வரை கயிறு பிடித்து அளந்து தேதியோடு எழுதுகிறேன். எட்டு மாதமாயிற்று, முதல் அளவு 51 அடி. போன பௌர்ணமிக்குக் கயிற்றின் மறுமுனையை மாமா பிடித்தார். டார்ச் அடித்து முடிச்சு எண்ணினேன், 43.

"நாப்பதுன்னு போடு மருமகனே, அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்" என்றார் இருட்டிலிருந்து.

43 என்றே எழுதினேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.